மாணவரின் பற்கள்: அறிவும் வழக்கமும்



பற்களைப் பற்றிப் பேசப் பல் வைத்தியர் ஒருவரை அழைத்திருக்கலாமே, பாடசாலை அதிபர் ஒருவரை அழைப்பானேன் என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் நியாயமானதே. நான் கலைப் பட்டதாரி. தமிழும் வரலாறும் கற்பித்தவன். ஆயினும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக மாணவரின் முகங்களைப் பார்த்தே வாழ்ந்து வருகிறேன். வைத்தியர் நோய் முற்றிய பின்னரே பெரும்பாலும் வாயைப் பார்க்கிறார். ஆசிரியரோ அதற்கு முன்னரே அவ்வாய் சிரிப்பதையும் வாசிப்பதையும் நாள்தோறும் பார்க்கிறார். அப்படிப் பார்த்திருந்தும் காணத் தவறிய ஒருவனுடைய அனுபவத்தைச் சொல்லவே இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எமது பாடசாலையில் தரம் ஏழு மாணவர்க்குச் சுகாதார பாடத்தில் ஒரு பரீட்சை நடைபெற்றது. பற்களின் வகைகள் யாவை, பற்சூத்தை எவ்வாறு உண்டாகிறது, ஒரு நாளில் எத்தனை முறை பல் துலக்கவேண்டும் என்பன போன்ற வினாக்கள். விடைத்தாள்களைப் பார்வையிட்ட ஆசிரியை மிக்க மகிழ்ச்சியோடு என்னிடம் வந்தார். பெரும்பாலான பிள்ளைகள் செவ்வையாக எழுதியிருந்தனர். காலையும் இரவும் துலக்கவேண்டும் என்பதை எழுதாத பிள்ளையே இல்லை எனலாம். ஒரு சிறுமி முழுப் புள்ளிகளும் பெற்றிருந்தாள். கடைவாய்ப்பல் ஒன்றை நெடுக்கு வெட்டாக வரைந்து, மிளிரி, பன்முதல், மச்சைக்குழி என்று பெயரும் குறித்திருந்தாள்.

அடுத்த வாரம் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் பரிசோதனைக்கு வந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராய் வாயைத் திறந்தனர். சூத்தையில்லாத வாய்களைத் தேடித்தான் காணவேண்டியிருந்தது. முழுப் புள்ளிகள் பெற்ற அந்தச் சிறுமியின் கீழ்க் கடைவாய்ப்பல்லில் மிளக்கு நுழையுமளவு குழி. அவள் அழகாக வரைந்து காட்டிய அதே பல், அதே மச்சைக்குழி வரை அரிக்கப்பட்டிருந்தது.

அப்போதுதான் எனக்குப் பல செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கின. அவள் நண்பகல் உணவை உண்ணாமல் மூடி வைப்பதுண்டு. கன்னத்திற் கை வைத்தபடி மேசையிற் சாய்ந்திருப்பதுண்டு. வாரத்தில் ஒரு நாளேனும் பாடசாலைக்கு வராதிருப்பதுண்டு. ‘அக்கறையில்லாத பிள்ளை’ என்று அவளைக் காலைக் கூட்டத்திலே பலர் முன்னிலையில் நானே கடிந்துகொண்டிருக்கிறேன். வலியைச் சோம்பல் என்று எண்ணிய குற்றம் என்னுடையது.

அவளுடைய தாயாரை அழைத்துப் பேசினேன். அந்த அம்மையார் என்னைக் குறை கூறவில்லை. தாழ்ந்த குரலில், “ஐயா, பிள்ளை இரண்டாம் வகுப்பிற் படிக்கேக்கையே இந்தப் பல் கொதிச்சது. அப்ப உங்களிட்டைத்தான் கேட்டனான். ‘அது பாற்பல், விழுந்து முளைக்கும், கராம்பு வைச்சுவிடுங்கோ’ எண்டு சொன்னீங்கள்” என்றார். அக்காலத்தில் நான் அப்பாடசாலையின் பிரதி அதிபர். அவ்வாறு சொன்னது எனக்கு நினைவில்லை. ஆனால், அவ்வாறுதான் சொல்லியிருப்பேன். ஏனெனில் நான் அறிந்திருந்தது அவ்வளவே.

நேயர்களே, அது பாற்பல் அன்று. இன்றைய பேச்சில் வேறெதனை மறந்தாலும் இந்த ஒன்றை மறவாதிருக்க வேண்டுகிறேன். குழந்தைக்குப் பாற்பற்கள் இருபது. ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் முளைக்கத் தொடங்கி, மூன்று வயதுக்குள் அவை யாவும் வந்துவிடும். ஆறு வயதளவில் முன்பற்கள் ஆடி விழ, அவ்விடங்களிற் புதிய பற்கள் முளைக்கின்றன. இதை எல்லாரும் காண்கிறோம். விழுந்த பல்லைக் கூரையில் எறிந்து மகிழ்கிறோம். ஆனால், அதே வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பாற்பற்களின் வரிசைக்குப் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு கடைவாய்ப்பற்கள் ஓசையின்றி முளைக்கின்றன. இவைதாம் முதலாம் நிலையான கடைவாய்ப்பற்கள். எந்தப் பல்லும் விழாமல் வந்தமையால் இவற்றையும் பாற்பற்கள் என்றே பெற்றோர் எண்ணிவிடுகின்றனர். இவை விழுந்தால் மறுபடி முளைப்பதில்லை.

இதனை நினைவில் வைக்க எளிய வழி ஒன்று உண்டு. தாடையின் நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆறாவதாக நிற்கும் பல், ஆறாம் வயதில் வருகின்ற பல். அஃது ஆயுள் முழுவதற்கும் உரிய பல். உணவை அரைக்கும் பெருஞ்சுமையைத் தாங்குவது இதுவே. இதன் மேற்புறம் மேடும் பள்ளமுமாய் இருப்பதால் உணவுத் துணுக்குகள் எளிதில் தங்குகின்றன. வாயின் கடைக்கோடியில் இருப்பதால் சிறுவனுடைய தூரிகை அதனை எட்டுவதில்லை. ஆகவே, மிகவும் வேண்டப்படும் பல்லே மிக முன்னதாகக் கெடுகிறது.

பாற்பல்லாயினும் அலட்சியஞ் செய்யலாகாது. பின்வரும் நிலையான பல்லுக்கு இடம் பிடித்து வைப்பது அதுவே. உரிய காலத்துக்கு முன் பாற்பல்லை இழந்தால், அயற்பற்கள் அவ்விடத்திற் சாய்ந்து, புதிய பல் வழியின்றிக் கோணி முளைக்க நேரும். நம் நாட்டிலே 1983–84இல் தொடங்கிச் சில தடவைகள் தேசிய வாய்ச் சுகாதார அளவீடு நடைபெற்றிருக்கிறது. 2015–16இல் நடைபெற்ற அளவீட்டில், ஐந்து வயதுப் பிள்ளைகளிற் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பற்சூத்தை இருக்கக் காணப்பட்டது. பன்னிரண்டு வயதினரிடையே இத்தொகை பெரிதும் குறைவு. நிலையான பற்களைக் காப்பதில் ஓரளவு முன்னேறிய நாம், பாற்பற்களை ‘விழப்போகிறவைதானே’ என்று கைவிட்டுவிட்டோம் என்பதையே இது காட்டுகிறது.

இனி, பல் எவ்வாறு கெடுகிறது என்பதைச் சிறிது நோக்குவோம். பல்லைப் புழு அரிக்கிறது என்று நம் முன்னோர் நம்பினர். கண்டங்கத்தரி விதையைத் தீயிலிட்டுப் புகை பிடித்தாற் புழு வெளியேறும் என்று செய்வோரை நானும் இளமையிற் கண்டிருக்கிறேன். பல உலக நாடுகளிலும் இந்நம்பிக்கை இருந்தது. 1890இல், பேர்லினில் ஆராய்ச்சி செய்த மில்லர் என்ற பல் மருத்துவ அறிஞர், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாப்பொருளையும் சீனியையும் அமிலமாக மாற்றுகின்றன என்றும், அவ்வமிலமே பல்லைக் கரைக்கிறது என்றும் விளக்கினார். 1924இல் இலண்டனிலே கிளார்க் என்பவர் சூத்தைப் பற்களிலிருந்து ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்து, அதற்கு இஸ்றெப்ரோகொக்கசு மியூற்றன்சு என்று பெயரிட்டார்.

இந்நுண்ணுயிர்கள் பல்லின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து வாழ்கின்றன. நாவினாற் பல்லைத் தடவும்போது சிலவேளை வழுவழுப்பாகத் தோன்றுகிறதே, அதுவே அப்படலம். நாம் இனிப்பை உண்டவுடன் அவையும் உண்கின்றன; உண்டு அமிலத்தைக் கக்குகின்றன. 1940களில் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் என்பவர் இதனை அளந்து பார்த்தார். சீனி பட்ட சில நிமிடங்களிலேயே அப்படலத்தில் அமிலம் மிகுகிறது. பீஎச் என்னும் அளவு ஏறத்தாழ 5.5இற்குக் கீழே இறங்கியதும் மிளிரியிலுள்ள கல்சியமும் பொசுபேற்றும் கரையத் தொடங்குகின்றன. பின்னர் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்த உப்புகளில் ஒரு பகுதியை மீளப் பல்லுக்கு ஊட்டுகிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை செல்லலாம்.

ஆகவே, வாயினுள்ளே நாள்தோறும் ஒரு வழக்கு நடக்கிறது. அமிலம் பறிக்கிறது, உமிழ்நீர் மீட்டுக் கொடுக்கிறது. மீட்பதற்குக் கால அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தை நாம் கொடுக்கிறோமா என்பதே கேள்வி. காலையிற் சீனித் தேநீர், பாடசாலைக்குப் போகும் வழியில் ஒரு ரொபி, இடைவேளையில் விசுக்கோத்து, வீடு திரும்பியதும் மென்பானம், மாலையில் மறுபடி தேநீர், படுக்கப் போகுமுன் சீனியிட்ட பால் என்று உண்ணும் பிள்ளையின் உமிழ்நீர் எந்த நேரத்திற் பல்லைத் திருத்தும்?

எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை முறை இனிப்பு என்பதும் முதன்மையானது என்று காட்டியது, சுவீடன் நாட்டில் விப்பெகோம் மருத்துவமனையில் 1940களின் நடுப்பகுதியில் தொடங்கிய ஓர் ஆய்வு. உணவோடு சேர்த்துச் சீனி உண்டவரிலும் பார்க்க, உணவு வேளைகளுக்கு இடையே பல்லில் ஒட்டும் ரொபிகளை உண்டவருக்கே பற்சூத்தை மிகக் கூடுதலாக உண்டாயிற்று. அறிவுக்குப் பயன் தந்த ஆய்வாயினும் அறத்துக்கு அது பொருந்தியதன்று; மனவளர்ச்சி குறைந்த நோயாளர்களை, அவர்களது ஒப்புதல் இன்றியே, பற்கள் கெடுமாறு உண்பித்து நடத்தியது அது. அந்த எளியோர் இழந்த பற்களால் நாம் பெற்ற அறிவைப் பயன்படுத்தாது விடுவது அவர்களுக்கு இழைக்கும் இரண்டாவது அநீதியாகும்.

இவ்விடத்தில் எமது பாடசாலைகளின் வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளை வகுப்பிலுள்ளோர் யாவர்க்கும் ரொபி வழங்கும். ஆசிரியர்க்கும் வழங்கும், அதிபரின் அறைக்கும் கொண்டுவரும். வாழ்த்தி வாங்கிக்கொள்வோம். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பென்றால் ஆண்டில் எத்தனை நாள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். போட்டியில் வென்றவனுக்குப் பரிசும் ரொபி. அழுகிற பிள்ளையைத் தேற்றுவதற்கும் ரொபி. ஒரு கையாற் சுகாதார பாடத்தைக் கற்பித்துக்கொண்டு, மறு கையால் அந்தப் பாடத்தை நாமே அழித்து வந்தோம்.

அறிவுக்கும் வழக்கத்துக்கும் இடையில் ஏன் இவ்வளவு தூரம்? இதை மாணவரிடமே கேட்டறிய விரும்பினேன். பரீட்சையாகக் கேளாமல், மரத்தடியிலே உட்கார்ந்து உரையாடலாகக் கேட்டேன். பெயர் எழுதாத சீட்டுகளிலும் எழுதித் தரச் சொன்னேன். அவர்கள் தந்த விடைகள் எந்த நூலிலும் நான் படித்திராதவை.

ஒரு மாணவன் சொன்னான்: “சேர், எங்கட வீட்டிலை தூரிகை இரண்டு, நாங்கள் ஐந்து பேர்.” அவனுக்கு இல்லாதது அறிவன்று, தூரிகை. இன்னொருத்தி, இரவிலே கிணற்றடிக்குத் தனியே போக அச்சமாயிருப்பதால் காலையில் மட்டும் துலக்குவதாக எழுதினாள். வேறொருவன், துலக்கும்போது முரசில் இரத்தம் வந்ததால் பயந்து துலக்குவதையே விட்டுவிட்டானாம். இது பலரிடமும் உள்ள தவறான எண்ணம். முரசில் இரத்தம் கசிவது பெரும்பாலும் துலக்கியதால் வந்த கேடன்று. துலக்காமையாற் படிந்த படலம் முரசை வீங்கச் செய்ததன் அறிகுறி. மென்மையான தூரிகையால் தொடர்ந்து துலக்கினால் சில நாட்களிற் குறையும். குறையாவிடிற் பற்சிகிச்சை நிலையத்திற் காட்டவேண்டும்.

மிகப் பலர் சொன்ன காரணம் அச்சம். பற்சிகிச்சை என்றால் பிடுங்குதல் என்பதே அவர்கள் அறிந்த பொருள். மேற்பல்லைப் பிடுங்கினாற் கண்பார்வை குன்றும் என்று வீட்டிலே பெரியவர்கள் சொல்லியிருந்தனர். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ‘சொல்வழி கேளாவிட்டால் பல்லுப் பிடுங்கக் கொண்டுபோவேன்’ என்று பிள்ளைகளை வெருட்டும் தாய்மாரும் உளர். வலி வந்தபின் போவதாற் பிடுங்கவேண்டியதாகிறது. பிடுங்குவதால் அச்சம் வளர்கிறது. அச்சத்தால் அடுத்த முறையும் வலி வந்த பின்னரே போகிறோம். சிறு குழியாய் இருக்கும்போதே போயிருந்தால் அடைத்து அனுப்பியிருப்பார்கள்.

வேறொரு சீட்டு என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. “எனது பற்கள் பழுப்பு நிறம். எவ்வளவு துலக்கினாலும் போவதில்லை. ஆகையால் நான் சிரிப்பதில்லை” என்று அதில் எழுதியிருந்தது. எமது பாடசாலை வன்னிப் பகுதியைச் சேர்ந்தது. வவுனியா, அநுராதபுரம், பொலன்னறுவை முதலிய வறண்ட பிரதேச மாவட்டங்களின் பல இடங்களிலே நிலத்தடி நீரிற் புளோரைட்டு மிகுதியாகக் கலந்திருக்கிறது. மிளிரி உருவாகும் காலத்தில், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள், அத்தகைய நீரைத் தொடர்ந்து பருகிய பிள்ளைகளின் பற்களில் வெண்புள்ளிகளோ பழுப்புக் கறைகளோ தோன்றும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைட்டு இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வெப்பம் மிகுந்து நீரை நிறையப் பருகும் நம் போன்ற நாடுகளில் அதனினும் குறைந்த அளவே நலம்.

அப்பிள்ளையின் கறை அழுக்கின் அடையாளம் அன்று. கிணற்று நீரின் அடையாளம். இதை அறியாத நாம் ‘ஊத்தைப் பல்’ என்று நகைத்தோம். நகைப்புக்கு அஞ்சிச் சிலர் கரித்தூளாலும் செங்கற்றூளாலும் தேய்த்துத் தேய்த்து நல்ல மிளிரியையும் தேய்த்துவிட்டனர். பாடசாலையில் ஒரு பிள்ளையின் பல்லைக் குறித்து எவரும் நகைத்தல் ஆகாது என்பது இன்று எமது விதிகளுள் ஒன்று. சிறு குழந்தைகள் உள்ள வீட்டார் தம் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்து, புளோரைட்டு மிகுந்திருந்தால், சுத்திகரித்த நீரையோ மழைநீரையோ குழந்தைக்குக் கொடுப்பது நன்று.

அங்ஙனமாயிற் புளோரைட்டு நஞ்சா என்று கேட்கலாம். அளவே இங்கு நீதிபதி. அமெரிக்காவில் மிச்சிக்கன் மாநிலத்துக் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில் 1945இல் குடிநீரிற் சிறிதளவு புளோரைட்டு சேர்க்கத் தொடங்கினர். அங்குப் பிள்ளைகளின் பற்சூத்தை வெகுவாகக் குறைந்தது. கரையும் மிளிரியை மீளக் கட்டுவதற்குப் புளோரைட்டு துணை செய்கிறது. ஆகவே, பற்பசையில் அது இருத்தல் வேண்டும். பத்து இலட்சத்தில் 1000 முதல் 1500 பங்கு வரை இருக்கும் பசைகள் தகுந்தவை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் போதும். விளம்பரங்களிற் காட்டுவதுபோல் தூரிகை நிறையப் பிதுக்கவேண்டியதில்லை. பசையை விழுங்கவிடாது பெரியவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பல்லுக்கு உறுதி என்று போற்றும் பழமொழி நம்மிடம் உண்டு. அதைப் பழித்துரைக்க நான் வரவில்லை. நுனியை மென்று பதமாக்கிய குச்சி பல்லின் மேற்புறத்தைத் துடைக்கவல்லதே. தூரிகை கிடையாத காலத்தில் நம் முன்னோர் நாள் தவறாது பல் துலக்கினர் என்பதற்கு அப்பழமொழியே சான்று. ஆனால், கடைவாய்ப்பல்லின் பள்ளங்களையும் உட்புறத்தையும் குச்சி நன்கு எட்டாது. புளோரைட்டும் அதில் இல்லை. முன்னோரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களின் ஒழுங்கை. நாள் தவறாமையே அவர்களின் மருந்து.

காலையிலும் இரவிலுமாக இரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் இரண்டு நிமிடம். இரண்டில் ஒன்று தவறினாலும் இரவு தவறலாகாது. உறக்கத்திலே உமிழ்நீர் குறைவாகவே சுரக்கிறது. காவலன் ஓய்ந்திருக்கும் நேரம் அது. துலக்கிய பின் நீரைத் தவிர வேறெதுவும் உண்ணாதிருத்தல் வேண்டும். நுரையைத் துப்பிவிட்டுப் பலமுறை கொப்பளியாமல் விட்டால் புளோரைட்டு பல்லிற் சிறிது நேரம் தங்கும். ஏழெட்டு வயது வரை பிள்ளைகளுக்குப் பெரியவர்களே துலக்கிவிடவோ பக்கத்தில் நின்று உதவவோ வேண்டும்; தன் சட்டைக்குத் தானே பொத்தான் பூட்டத் தடுமாறுகிற கை கடைவாய்ப்பல்லைத் தானே செவ்வையாகத் துலக்கும் என்று எதிர்பார்த்தல் பொருந்தாது.

வளர்ந்த மாணவர் பொருட்டு மற்றொன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. வெற்றிலை நம் பண்பாட்டில் மங்கலப் பொருள். அதனை நான் அறிவேன். ஆனால், புகையிலை சேராவிடினும் பாக்கு மெல்லுதல் புற்றுநோயை விளைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது. இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். புகையற்ற புகையிலைப் பொருட்களுக்கு 2016இல் நம் நாட்டில் தடை விதிக்கப்பட்டது. எனினும் அறுவடை வயலிலும் மீன்வாடியிலும் உழைக்கும் பெரியோருடன் சேர்ந்து பதினைந்து வயதிலேயே மெல்லப் பழகும் பையன்கள் இன்னும் உளர். வாயில் வெண்படலமோ செம்படலமோ ஆறாத புண்ணோ கண்டால், வாயை முழுவதும் திறக்க இயலாதிருந்தால், உடனே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பைப் பற்றியும் நாம் போதிய அளவு அறிந்திருக்கவில்லை. பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைப் பேணுவதற்கென்றே தனிப் பயிற்சி பெற்றவர்களை ஆக்கும் முறை 1921இல் நியூசிலாந்தில் தோன்றியது. 1950களிலே கொழும்புத் திட்டத்தின் கீழ் அந்நாட்டின் உதவியோடு மகரகமவில் அத்தகைய பயிற்சி தொடங்கிற்று. அந்த மரபில் வந்த பற்சிகிச்சையாளர்கள் இன்று பாடசாலைகளிலும் மருத்துவமனைகளிலும் அமைந்துள்ள நிலையங்களிற் பணியாற்றுகின்றனர். ஏறத்தாழ பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அவர்கள் இலவசமாகப் பற்களைப் பரிசோதித்து அடைத்துக் கொடுக்கின்றனர். உலகில் ஏறக்குறைய 350 கோடிப் பேர் வாய் நோய்களால் துன்புறுவதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அவர்களுட் பலருக்கு எட்டாத சேவை நமது பிள்ளைக்குப் பணமின்றிக் கிடைக்கிறது. அதற்காக ஒரு நாள் பாடசாலைக்கு வராதிருந்தாலும் நான் குறையாகக் கொள்வதில்லை.

இனி, எமது பாடசாலையில் நாம் செய்தவற்றைச் சொல்கிறேன். அவை பெரிய காரியங்கள் அல்ல. முதலாம் தரத்தில் சேரும் பிள்ளைகளின் பெற்றோரை அழைத்து, அந்த ஆறாவது பல்லை அவர்கள் தம் கண்ணாலேயே காணும்படி காட்டுகிறோம். பிறந்தநாள் ரொபியை நிறுத்தினோம். விரும்புகிற பிள்ளை வகுப்பு நூலகத்துக்கு ஒரு சிறு நூல் தரலாம். தராத பிள்ளைக்கும் அதே வாழ்த்துப் பாடல். இம்மாற்றத்தால் மிக மகிழ்ந்தவர்கள், ரொபிப் பொட்டலம் வாங்க வசதியில்லாது பிறந்தநாளையே மறைத்து வந்த பிள்ளைகள் என்பதைப் பின்னரே அறிந்தேன். சிற்றுண்டிச்சாலையில் இனிப்புக்குப் பதிலாகக் கடலை, சுண்டல், பழங்கள் இடம்பெற்றன. மென்பானப் போத்தலில் 2016 முதல் இடப்பட்டுவரும் சீனி அளவைக் குறிக்கும் நிறக் குறியை வாசிக்கப் பழக்கினோம். நண்பகல் உணவின்பின் எல்லாரும் வாய் கொப்பளிக்க மணி ஒன்று அடிக்கிறோம். தூரிகை இல்லாத வீடுகளுக்குப் பழைய மாணவர் சிலர் தூரிகை வாங்கித் தந்தனர்.

எல்லாம் நிறைவேறிவிட்டன என்று சொல்வது உண்மையாகாது. நீர்த்தொட்டி வற்றும் ஆடி, ஆவணி மாதங்களிற் கொப்பளிக்கும் மணி ஓய்ந்துவிடுகிறது. விடுமுறை முடிந்து வருகிற பிள்ளைகளிடம் பழைய வழக்கமும் சேர்ந்தே வருகிறது. வாயிலுக்கு வெளியே உள்ள கடைகளில் ரொபி நிறைந்திருக்கிறது. வழக்கம் என்பது ஒரு நாள் விதைத்து மறுநாள் அறுப்பதன்று. மீண்டும் மீண்டும் நீர் வார்த்தால் மட்டுமே வேர் கொள்ளும்.

தமிழ் கற்பித்தவன் என்ற உரிமையில் இன்னொன்று கூறி முடிக்கிறேன். தொல்காப்பியர் எழுத்தொலிகள் பிறக்கும் இடங்களைத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என எட்டாக வகுத்தபோது பல்லுக்கும் இடம் கொடுத்தார். மேற்பல்லின் அடியை நா சென்று பொருந்தாமல் ‘தமிழ்’ என்னும் சொல்லின் முதலெழுத்தே பிறவாது. ‘பல்லுப் போனாற் சொல்லுப் போச்சு’ என்று பொதுமக்கள் சொன்னதும் இதனையே. புலவர்கள் பல்லை முத்தென்றும் முல்லை அரும்பென்றும் பாடினர். அவர்கள் அதன் அழகைக் கண்டனர். பிள்ளை உண்பதும் உறங்குவதும் படிப்பதும் கூச்சமின்றிப் பேசுவதும் அதனைச் சார்ந்திருப்பதை நான் மிகவும் பிந்தியே கண்டேன்.

அந்தச் சிறுமியின் பல்லைக் காக்க முடியவில்லை, பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. கடிந்துகொண்டதற்காக, கடிந்த அதே காலைக் கூட்டத்தில் அவளிடம் வருத்தம் தெரிவித்தேன். சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் அவளுடைய தம்பி முதலாம் தரத்தில் சேர்ந்தான். தாயோடு அவளும் வந்திருந்தாள். பெற்றோர் கூட்டத்தில் நான் பேசத் தொடங்குமுன்பே, அவள் தம்பியின் தாடையை உயர்த்திப் பிடித்து, பக்கத்திலிருந்த மற்றொரு தாய்க்கு அவனது கடைவாயைக் காட்டிக்கொண்டிருந்தாள். “மாமி, இது பாற்பல் இல்லை, வடிவாப் பாருங்கோ” என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

நேயர்களே, இன்றிரவு உங்கள் வீட்டில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளை எவரேனும் இருந்தால், படுக்கப் போகுமுன் விளக்கின் அருகே அழைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். நடுவிலிருந்து ஆறாவது பல்லை எண்ணிப் பாருங்கள்.